கல்லீரல் சுருக்கம்: மருத்துவர் எதைப் பார்த்து எதை முடிவு செய்கிறார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம் உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்காக இது எழுதப்பட்டது. ஒரே வாரத்தில் ஒரு டாக்டர் ரத்தம் ஏற்ற வேண்டாம் என்கிறார், இன்னொருவர் ஊசி போட்டு வயிற்று நீரை எடுக்கிறார், மற்றொருவர் பேதி மருந்தைக் கூட்டுகிறார். காரணம் தெரியாதபோது இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டதாகத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அது தெரிந்தால் வீட்டில் நடக்கும் பல தவறுகளைத் தவிர்க்கலாம். கீழே உள்ள மருந்தளவுகள் டாக்டர் எப்படி யோசிக்கிறார் என்பதைக் காட்டத்தான்; நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ அல்ல.

எஸ்.ஜி.பி.டி. 90 என்று வந்திருக்கிறது. கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது?

அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கல்லீரல் செல்கள் காயப்படும்போது ரத்தத்தில் கசியும் நொதிகள். இப்போது காயம் நடக்கிறதா என்பதைத்தான் அவை சொல்லும். கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்பதைச் சொல்பவை பிலிருபின் (மஞ்சள் நிறமி), ஆல்புமின் (கல்லீரல் செய்யும் புரதம்), ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்) ஆகிய மூன்றும்.

சுருக்கம் முற்றியவருக்கு எஸ்.ஜி.பி.டி. 35 என்று நார்மலாகவே வரலாம். காயப்படுவதற்கு மிஞ்சியிருக்கும் செல்கள் குறைந்துபோனதும் அதற்கு ஒரு காரணம். அதே ரிப்போர்ட்டில் தட்டணுக்கள் 80,000, ஆல்புமின் 2.6 என்று இருந்தால் டாக்டரின் கவனம் அங்கேதான் போகும். கல்லீரலுக்குள் ரத்தம் போக முடியாமல் அழுத்தம் கூடி, மண்ணீரல் வீங்கி, அது தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால் எண்ணிக்கை இறங்குகிறது. பழைய ரிப்போர்ட்டுகளில் தட்டணுக்கள் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி வந்திருப்பது சுருக்கத்தின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. பலர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எண்கள் எந்த வடிவத்தில் உயர்ந்திருக்கின்றன என்பதும் முக்கியம். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்து, இரண்டுமே 300-ஐத் தாண்டாமல் இருந்தால் மது காரணமாக இருக்கலாம். ஆயிரக்கணக்கில் ஏறினால் திடீர் வைரஸ் தொற்று, மருந்து நச்சு, ரத்த ஓட்டம் தடைபட்டது ஆகியவற்றை முதலில் தேடுவார்கள். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் மட்டும் தூக்கலாக இருந்தால் பித்தக்குழாய் பக்கம் பார்வை திரும்பும்.

ஆல்புமின் பாதியாகக் கரைய ஏறக்குறைய 20 நாள் ஆகும். அதனால் நேற்று தொடங்கிய பிரச்சினையை அது காட்டாது. ஐ.என்.ஆர். ஓரிரு நாளிலேயே மாறிவிடும். கல்லீரல் திடீரென செயலிழந்தால் ஐ.என்.ஆரை நாளுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட தடவை பார்ப்பது அதனால்தான்.

ஸ்கேனில் ‘கொழுப்புக் கல்லீரல், கிரேடு 2’ என்று எழுதியிருக்கிறார்கள். இதுவும் சுருக்கத்தில் முடியுமா?

கிரேடு என்பது கொழுப்பின் அளவு. சுருக்கத்துக்குக் கொண்டுபோவது கொழுப்பின் அளவு அல்ல, தழும்பு. சாதாரண ஸ்கேனில் தொடக்கநிலைத் தழும்பு தெரியாது. எனவே டாக்டர் முதலில் ‘ஃபிப்-4’ என்ற எளிய கணக்கைப் போடுவார்: வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். அதைத் தட்டணு எண்ணிக்கையையும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும்.

வயது 52, எஸ்.ஜி.ஓ.டி. 60, எஸ்.ஜி.பி.டி. 64, தட்டணுக்கள் 1.8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 52 × 60 = 3120. கீழே 180 × 8 = 1440. விடை 2.17. 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு; 2.67-க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம். 2.17 நடுவில் விழுவதால் இவருக்கு அடுத்தது ஃபைப்ரோஸ்கேன், அதாவது கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் சோதனை. இந்தக் கணக்கில் வழக்கமாக நேரும் பிழை, தட்டணுவை 1.8 என்றோ 1,80,000 என்றோ போடுவது. ஆயிரத்தில், அதாவது 180 என்று போட வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வயதாலேயே விடை உயர்ந்துவிடும். அவர்களுக்குக் கீழ் எல்லை 2.0.

ஃபைப்ரோஸ்கேன் 8-க்குக் கீழே இருந்தால் எடையும் சர்க்கரையும்தான் சிகிச்சையின் மையம். 15-க்கு மேல் என்றால் முற்றிய நிலை என்று எடுத்துக்கொண்டு அடுத்த சோதனைகளுக்குப் போவார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் பொய்யாக உயரும். மூன்று மணி நேரம் வெறும் வயிறு தேவை.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கலாமா?

நம் வீடுகளில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். எனவே நேராகச் சொல்லிவிடுகிறோம். சென்னையில் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களிடம் கீழாநெல்லியைச் சோதித்த ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வந்தது. முடிவு மிகுந்த நம்பிக்கை தந்தது. பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் ஏ போன்ற தொற்றுகள் பெரும்பாலும் தாமாகவே சில வாரங்களில் ஆறுகின்றன. அப்போது குடித்துக்கொண்டிருந்த மருந்துக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது.

எங்கள் கவலை இலையின் மேல் அல்ல, அதற்காக இழக்கும் நாட்களின் மேல். மஞ்சளுக்குக் காரணம் பித்தக்குழாயில் சிக்கிய கல் என்றால், காய்ச்சலும் நடுக்கமும் வந்த சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகவே மஞ்சள் தெரிந்ததும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, பித்தநீர் அடைபட்டிருக்கிறதா என்பதே. வெளுத்த மலம், உடல் அரிப்பு, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் உயர்வு, ஸ்கேனில் விரிந்த குழாய் ஆகியவை அதற்கான தடயங்கள். ஐ.என்.ஆர். உயர்ந்திருந்தால் வைட்டமின் கே 10 மி.கி. ஊசி போட்டு மறுநாள் பார்ப்பார்கள். இறங்கிவிட்டால் குறை வைட்டமினில்; இறங்காவிட்டால் கல்லீரலில்.

காசநோய் மாத்திரை எடுப்பவருக்கு எஸ்.ஜி.பி.டி. ஏறினால் உடனே நிறுத்துவார்களா?

சிறு உயர்வுக்கு நிறுத்த மாட்டார்கள். வாந்தி, பசியின்மை, மஞ்சள் போன்ற அறிகுறியோடு நார்மல் எல்லையின் மூன்று மடங்கைத் தாண்டினால், அல்லது அறிகுறியே இல்லாமல் ஐந்து மடங்கைத் தாண்டினால் நிறுத்துவார்கள். ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. எண்கள் இறங்கிய பிறகு ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுத் திரும்பச் சேர்ப்பார்கள். நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். காசநோய்க் கிருமி மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுத் திரும்பும்.

வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. ஒவ்வொரு தடவை மருத்துவமனையில் சேர்க்கும்போதும் ஏன் ஊசி போட்டு நீர் எடுக்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் நாங்கள் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விஷயம் இதுதான். அந்த நீரில் தொற்று ஏற்பட்டிருந்தாலும் காய்ச்சலோ வயிற்று வலியோ இல்லாமல் போகலாம். சற்றுக் குழப்பம், சிறுநீர் குறைவு, கிரியேட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு) உயர்வு என்று மட்டும் வெளிப்படும். சோதிக்காமல் கண்டுபிடிக்க வழியில்லை. சேர்த்த 12 மணி நேரத்துக்குள், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுப்பது நல்லது. தாமதம் ஆக ஆக இறப்பு கூடுகிறது.

எடுத்த நீரில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250-ஐ எட்டினாலே தொற்று என்று வைத்துச் சிகிச்சை தொடங்கும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்குக் காத்திருப்பதில்லை. கல்ச்சருக்கு நீரைப் படுக்கை அருகிலேயே ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் 10 மி.லி. செலுத்த வேண்டும். சாதாரணக் குப்பியில் ஆய்வகத்துக்கு அனுப்பினால் கிருமி வளராமல் போகும் வாய்ப்பு அதிகம்.

அடுத்தது ஆல்புமின் கழித்தல். அதே நாளில் எடுத்த ரத்த ஆல்புமினிலிருந்து நீரின் ஆல்புமினைக் கழித்தால் 1.1 அல்லது அதற்கு மேல் வந்தால், நீருக்குக் காரணம் கல்லீரல் ரத்தக்குழாய் அழுத்தம். அதற்குக் கீழே என்றால் வயிற்றுக் காசநோய், புற்றுநோய் ஆகியவற்றைத் தேட வேண்டும். கழித்தல் 1.1-க்கு மேல் இருந்து, நீரில் புரதமும் 2.5-ஐத் தாண்டினால் இதயத்தைப் பார்ப்பார்கள். சுருக்கம் என்று பல மாதம் சிகிச்சை பெற்றவருக்கு உண்மையில் இதய உறை இறுகியிருந்தது என்று தெரியவருவதும் உண்டு. அது குணப்படுத்தக்கூடிய நோய் என்பதால் இந்தச் சிறு கணக்கைத் தவறவிடக் கூடாது.

தொற்று உறுதியானால் செஃபோடாக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்கோடு ஆல்புமினும் தருவார்கள்: முதல் நாள் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் கிலோவுக்கு 1 கிராம். 60 கிலோ உள்ளவருக்கு முதல் நாளே 90 கிராம். 20 சதவீத பாட்டில் ஒன்றில், அதாவது 100 மி.லி.யில், 20 கிராம்தான் இருக்கும். விலை குடும்பத்தை உலுக்கும் என்பது தெரியும். ஆனால் இது ‘சத்து ஏற்றுவது’ அல்ல. சிறுநீரகம் நின்றுபோகாமல் காப்பது. தொற்றில் இறப்பைக் குறைக்கும் என்று 1999-இலேயே நிறுவப்பட்டது.

நீரை எடுத்தால் உடம்பில் உள்ள சத்தெல்லாம் போய்விடாதா?

ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் ஒரு லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் ஆல்புமின் ஈடு செய்வார்கள். அப்படிச் செய்தால் பாதுகாப்பானது. ஈடு செய்யாமல் எட்டு லிட்டர் எடுத்தால் அன்று நிம்மதியாக இருக்கும். அடுத்த சில நாளில் ரத்த அழுத்தம் விழுந்து கிரியேட்டினின் ஏறும்.

நீர் மாத்திரையை எப்படிக் கூட்டுகிறார்கள்?

ஸ்பைரோனோலாக்டோன் 100 மி.கி., ஃபுரோஸ்மைடு 40 மி.கி. என்ற விகிதத்தில் தொடங்கி, மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை இரண்டையும் சேர்த்தே கூட்டுவார்கள். உச்சம் 400-ம் 160-ம். கால் வீக்கம் இல்லாதவருக்கு நாளொன்றுக்கு அரை கிலோவுக்கு மேல் எடை இறங்கக் கூடாது. வயிற்று நீரை உடல் அவ்வளவு வேகத்தில்தான் திரும்ப உறிஞ்ச முடியும். அதற்கு மேல் போகும் நீர் ரத்த ஓட்டத்திலிருந்து போகிறது. சோடியம் 125-க்குக் கீழே போனாலோ, கிரியேட்டினின் ஏறினாலோ, குழப்பம் வந்தாலோ மாத்திரை நிற்கும். ஆண்களுக்கு மார்பு வீங்கி வலித்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அது ஸ்பைரோனோலாக்டோனின் பக்கவிளைவு, மாற்று உண்டு.

உப்பு நாளுக்கு மொத்தம் 5 கிராம், தலை தட்டிய ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம், பாக்கெட் முறுக்கு வழியாக உப்பு உள்ளே போனால் மாத்திரையைக் கூட்டிப் பயனில்லை. இந்துப்பும் உப்புதான். கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த’ உப்பில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோனோடு சேர்ந்தால் இதயத் துடிப்பையே குலைக்கும். அதை வாங்கவே வேண்டாம். சோடியம் நன்றாகக் குறைந்தால் தவிரத் தண்ணீரைக் கட்டுப்படுத்தத் தேவையில்லை.

ரத்த வாந்தி எடுத்தார். ஹீமோகுளோபின் 7.8. ஏன் ரத்தம் ஏற்றவில்லை?

உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக்குழாய்கள் அழுத்தத்தால் வெடித்தவை. ரத்தத்தை நிரப்ப நிரப்ப அந்த அழுத்தமும் ஏறும், அடைபட்ட இடம் மறுபடி வெடிக்கும். பார்சிலோனாவில் வயிற்று ரத்தக்கசிவு நோயாளிகள் 921 பேரிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் மட்டும் ஏற்றியவர்களில் ஆறு வாரத்தில் உயிரோடு இருந்தவர்கள் 95 சதவீதம். 9-க்குக் கீழே வந்ததும் ஏற்றியவர்களில் 91 சதவீதம். அதன்பின் 7 என்பதே எல்லையாகிவிட்டது. கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருப்பவர், இதய நோயாளி ஆகியோருக்கு இந்த எல்லை தளரும்.

முதல் மணி நேரத்தில் நடக்க வேண்டியவை வேறு. எண்டோஸ்கோப்பிக்கு முன்பே, அந்த அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு தொடங்க வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் 1 கிராம் போட வேண்டும்; ரத்தக்கசிவு நேரத்தில் வரும் தொற்றே பலரைக் கொல்கிறது, எனவே இது விருப்பத் தேர்வு அல்ல. நினைவு தடுமாறியவர் ரத்தத்தை நுரையீரலுக்குள் இழுக்காமல் இருக்க மூச்சுக்குழாயில் குழாய் போட நேரலாம். ரத்த அழுத்தம் நிலைப்பட்டதும், 12 மணி நேரத்துக்குள், எண்டோஸ்கோப்பியில் வளையம் மாட்டி அடைப்பார்கள்.

நின்ற பிறகும் வேலை முடியவில்லை. சில வாரத்துக்கு ஒருமுறை பேண்டிங் (வளையம் மாட்டுவது), கூடவே அழுத்தத்தைக் குறைக்கும் கார்விடிலால் அல்லது ப்ரோப்ரானோலால் மாத்திரை. ‘ரத்தம் நின்றுவிட்டதே’ என்று இரண்டாவது பேண்டிங்குக்கு வராமல் போனவர்கள்தான் மறுபடி ஆம்புலன்சில் வருகிறார்கள்.

இதுவரை ரத்தம் கசியவே இல்லை. எண்டோஸ்கோப்பி அவசியமா?

ஃபைப்ரோஸ்கேன் 20-க்குக் கீழேயும் தட்டணுக்கள் 1.5 லட்சத்துக்கு மேலேயும் இருந்தால், பேண்டிங் தேவைப்படும் அளவு வீக்கம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, தள்ளிப்போடலாம். ஆண்டுதோறும் அந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

ஐ.என்.ஆர். 2 இருக்கிறது. பிளாஸ்மா ஏற்றாமல் வயிற்றில் ஊசி போடலாமா?

போடலாம். சுருங்கிய கல்லீரல் ரத்தத்தை உறையவைக்கும் பொருட்களையும் குறைவாகச் செய்கிறது, உறைவதைத் தடுக்கும் பொருட்களையும் குறைவாகச் செய்கிறது. ஐ.என்.ஆர். அதில் ஒரு பக்கத்தை மட்டும் அளக்கிறது. பிளாஸ்மா அந்த எண்ணைத் திருத்தும், ரத்தக்குழாய் அழுத்தத்தைக் கூட்டும், பாதுகாப்பு தராது. ஐ.என்.ஆர். உயர்ந்த இவர்களுக்கே கல்லீரல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதும் உண்டு.

இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார். மூளைக்கு ஏறிவிட்டதா?

கல்லீரல் வடிகட்டத் தவறிய அமோனியா போன்றவை மூளையைக் குழப்பும் நிலை இது. தூக்கம் தலைகீழாவது பெரும்பாலும் முதல் அடையாளம். கையை நீட்டி மணிக்கட்டை மேலே தூக்கச் சொன்னால் விரல்கள் படபடக்கும்.

டாக்டர் இங்கே தேடுவது தூண்டிவிட்டது எது என்பதை. மலச்சிக்கல், வயிற்று நீரில் தொற்று, கறுப்பு மலமாக வெளியேறும் ரத்தம், பொட்டாசியம் குறைவு, நீர் மாத்திரை அதிகமாகி உடல் வறண்டது, யாரோ கொடுத்த தூக்க மாத்திரை என ஏதாவது ஒன்று அநேகமாகக் கிடைக்கும். அதைச் சரிசெய்யாமல் மருந்து மட்டும் கொடுத்தால் நிற்காது. சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று விரலில் குத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கீழே விழுந்திருந்தால் தலைக்கு சி.டி. எடுக்க வேண்டும்.

லாக்டுலோஸ் சிரப்பில் நோக்கம் மி.லி. கணக்கு அல்ல, நாளுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை இளக்கமாக மலம் போவது. ஒரு தடவைகூடப் போகவில்லையென்றால் கூட்ட வேண்டும். ஐந்தாறு தடவை தண்ணீராகப் போனால் குறைக்க வேண்டும். அந்த வறட்சியே மறுபடி குழப்பத்தைக் கொண்டுவரும். எனவே எத்தனை தடவை போனார் என்று எழுதிவைப்பது வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. லாக்டுலோஸை மீறியும் திரும்ப வந்தால் ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாடிக் 550 மி.கி. காலை, மாலை சேர்ப்பார்கள்.

அமோனியா டெஸ்ட் எடுக்க வேண்டாமா?

சிகிச்சையைத் தீர்மானிக்க உதவாது. எண்ணைப் பார்ப்பதைவிட ஆளைப் பார்ப்பதே மேல். குழப்பம் உள்ளவருக்கு அமோனியா நார்மல் என்று வந்தால் மட்டும் வேறு காரணத்தை யோசிக்க வேண்டும்.

பருப்பு, முட்டை, மீன் எல்லாம் நிறுத்திவிட்டோம். சரிதானே?

தயவுசெய்து திரும்பத் தொடங்குங்கள். பழைய அறிவுரை அது. கல்லீரல் செய்ய முடியாத அமோனியா வேலையைத் தசை ஓரளவு எடுத்துச் செய்கிறது. புரதத்தை நிறுத்தினால் அந்தத் தசையும் கரைந்துபோகும். கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் தேவை: 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் என்று கணக்கிட்டால் எவ்வளவு குறைவாகக் கொடுக்கிறோம் என்று புரியும். பயறு, பருப்பு, தயிர், முட்டை, மீன் எல்லாம் நல்லவை. இரவு நெடுநேரம் வயிற்றைக் காயப்போடாமல், படுக்கும் முன் இரண்டு இட்லி, அல்லது பாலும் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும் கொடுங்கள்.

உடம்பு வலிக்கு எது கொடுக்கலாம்?

பாராசிட்டமால், நாளுக்கு மொத்தம் 2 கிராமுக்குள், அதாவது 500 மி.கி. நான்கு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் கூடாது. பலர் இதை நேர்மாறாக நினைத்து, பாராசிட்டமாலுக்குப் பயந்து டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். சிறுநீரகம் நிற்பதும் ரத்தம் கசிவதும் அதனால்தான். மூட்டுவலிக்குப் போகும்போது கல்லீரல் சுருக்கம் இருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மாற்று அறுவை சிகிச்சை எப்போது தேவை என்று எப்படித் தெரியும்?

பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியேட்டினின் மூன்றையும் வைத்து ‘மெல்ட்’ என்ற மதிப்பெண் போடுவார்கள். 6 முதல் 40 வரை. பிலிருபின் 4, ஐ.என்.ஆர். 1.8, கிரியேட்டினின் 1.2 என்றால் 20 வரும். அமெரிக்காவில் கல்லீரல் யாருக்கு முதலில் என்பதை முடிவு செய்ய 2002 முதல் பயன்படுகிறது. பிறகு சோடியமும் சேர்க்கப்பட்டது. பொதுவாக 15-ஐத் தாண்டினால் மாற்று மையத்தில் பேச வேண்டும்.

ஆனால் இந்த எண் வயிற்று நீரையும் குழப்பத்தையும் தசைக் கரைவையும் பார்ப்பதில்லை. மாதம் இரண்டு தடவை எட்டு லிட்டர் எடுக்கப்படுபவருக்கு மெல்ட் 13 என்றே இருக்கலாம். தசை கரைந்தவருக்கு கிரியேட்டினின் குறைவாகக் காட்டி மதிப்பெண்ணையும் இறக்கிவிடும். எனவே நீர் கோத்தல், ரத்த வாந்தி, குழப்பம் ஆகியவற்றில் ஒன்று முதன்முறை வந்தவுடனேயே மாற்று மையத்தைப் பார்ப்பது நல்லது. ஐ.சி.யூ.வில் கிடக்கும்போது பேச்சைத் தொடங்கினால், தானம் செய்யும் உறவினரைச் சோதிக்கவே நேரம் இருக்காது. தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்கான வரிசையை டிரான்ஸ்டான் நிர்வகிக்கிறது.

மது காரணம் என்றால், முழுதாக நிறுத்திய சில மாதத்தில் நீர் வற்றி, மெல்ட் இறங்கி, பட்டியலிலிருந்தே வெளியே வருபவர்கள் உண்டு. ஹெபடைடிஸ் பி-க்கு டெனோஃபோவிர் அல்லது என்டகாவிர் தொடங்கியவர்களிடமும் இப்படி நடக்கும். ஹெபடைடிஸ் சி-யை 12 வார மாத்திரையில் பெரும்பாலோருக்கு ஒழித்தே விடலாம்.

நன்றாக இருக்கும்போதும் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் ஏன்?

சுருங்கிய கல்லீரலில் புற்றுநோய் வலியில்லாமல் வளரும். வைரஸ் ஒழிந்த பிறகும், மது நிறுத்திய பிறகும் அந்த ஆபத்து முழுதாகப் போகாது. ஸ்கேனும், கல்லீரல் புற்றுநோய்க்கான ஏ.எஃப்.பி. ரத்தச் சோதனையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேண்டும். ஒரு செ.மீ. அல்லது அதைவிடப் பெரிய கட்டி தெரிந்தால் பல கட்ட சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். தமனி கட்டத்தில் பளிச்சென்று தெரிந்து, பிந்தைய கட்டத்தில் சாயம் வெளியேறி மங்கினால், பயாப்சி இல்லாமலே உறுதி செய்துவிடலாம்.

எப்போது காத்திருக்காமல் கிளம்ப வேண்டும்?

ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், புதிய குழப்பம் அல்லது எழுப்ப முடியாத தூக்கம், வயிற்று நீரோடு காய்ச்சல் அல்லது வலி, நாள் முழுக்கச் சிறுநீர் மிகக் குறைந்தது ஆகிய எதுவானாலும் இரவென்றும் பாராமல் கிளம்புங்கள். எண்டோஸ்கோப்பி இரவிலும் நடக்கும் மருத்துவமனை பக்கத்தில் எது என்று இன்றே விசாரித்து வையுங்கள். கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை: தேதி வரிசையில் பழைய ரிப்போர்ட்டுகள், கடைசி எண்டோஸ்கோப்பி தாள், தினசரி எடையும் மல எண்ணிக்கையும் எழுதிய நோட்டு, நாட்டு மருந்து உட்பட எல்லா மருந்துகளும் அடங்கிய பை. நாட்டு மருந்தை மறைக்க வேண்டாம். அதைச் சொன்னதற்காக யாரும் சிகிச்சையை மறுக்க மாட்டார்கள், சொல்லாவிட்டால் காரணத்தைத் தேடுவதிலேயே இரண்டு நாள் போய்விடும்.